காலாடிப்பேட்டையும் சோழமண்டலமும்: கலைஞர் குழு தன்னுரிமை வணிகமாக வளர்ந்த வரலாறு

முன்னுரை

கலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கலைஞனது உள்ளத்தையும் படைப்பின் வனப்பையுமே ஆராய்வர். அக்கலைஞன் எங்கே குடியிருந்தான், எவர் தந்த பொருளால் உண்டு உடுத்தான், அவன் கைப்பொருள் எவர் வழியாக விலைபோயிற்று என்னும் வினாக்களைப் பொருளியலார்க்கு உரியன என ஒதுக்கிவிடுவர். இவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. உண்ணும் சோற்றுக்கு வழியறியாத கலைஞன் தன் கலையைத் தன் விருப்பப்படி செய்தல் அரிது. சோற்றுக்கு வழிகாட்டியவனே பல வேளைகளில் கலைக்கும் வழிகாட்டியாகிவிடுகிறான். ஆதலின், கலைஞர் தம்முள் ஒன்றுகூடித் தம் வாழ்க்கைக்குரிய பொருளைத் தாமே ஈட்ட முயன்ற வரலாறுகள், இலக்கியமும் கலையும் பயில்வார் கருத்தூன்றிக் காணத்தக்கன.

அத்தகைய வரலாறுகளுள் தலையாயது சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில் 1966-இல் தோன்றிய சோழமண்டலக் கலைஞர் கிராமத்தின் வரலாறாகும். அதனைத் தனித்து நோக்கினால் அதன் அருமை முழுதும் விளங்காது. சென்னையின் வடபால், திருவொற்றியூரை அடுத்து, அதற்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன் தோன்றிய மற்றொரு கைவினைஞர் குடியிருப்போடு ஒப்பிட்டு நோக்கும்போதே அது தெளிவாகும். அவ்வொப்பீட்டை நிகழ்த்துவதும், கலைஞர் கூட்டம் ஒன்று தன் காலில் நிற்கும் வணிக அமைப்பாக வளர்தற்கு வேண்டுவன எவை என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பாக்கமும் பேட்டையும்

கைவினைஞர் ஓரிடத்தே கூடி வாழ்தல் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரைப் பட்டினப்பாக்கம், மருவூர்ப்பாக்கம் என இரு பகுதியாகக் காட்டுகின்றது. அரசரும் பெருவணிகரும் வாழ்ந்தது பட்டினப்பாக்கம். நெய்வோராகிய காருகர், ஓவியராகிய கண்ணுள் வினைஞர், கன்னார், தச்சர், பொற்கொல்லர் முதலிய பலரும் கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்தனர். அயல்நாட்டு வணிகர் வந்து தங்கிய இடமும் அதுவே. கைவினையும் கடல் வணிகமும் ஒரே மணற்பரப்பில் அருகருகே இருந்தமை இதனால் விளங்கும்.

‘பாக்கம்’ என்பது கடற்கரை ஊர்ப்பெயர்களில் பயின்று வரும் சொல். இருபதாம் நூற்றாண்டில் ஓவியர் குடியேறிய ஊரும் ‘இஞ்சம்பாக்கம்’ எனப் பெயர் பெற்றிருத்தல் தற்செயலே. ஆயினும் கண்ணுள் வினைஞர் மீண்டும் ஒரு கடற்கரைப் பாக்கத்தை நாடிச் சென்றனர் என்பதை எண்ணுங்கால் தமிழ் பயின்றார்க்கு உவகை உண்டாதல் இயல்பு.

‘பேட்டை’ என்னும் சொல்லின் வரலாறு வேறு. சந்தை கூடும் இடத்தையும், நகர்ப்புறத்தே தொழிலும் வணிகமும் நடைபெறும் பகுதியையும் அது குறிக்கும். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி சென்னையில் நிலைபெற்றபின் பேட்டைகள் பல தோன்றின. கும்பினியின் துணிகளை வெளுத்தவர் வாழ்ந்தமையால் வண்ணாரப்பேட்டை என்னும் பெயர் உண்டாயிற்று. 1734-இல், மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்த காலத்தில், நூற்போர், நெய்வோர், துணியில் ஓவியம் தீட்டுவோர், வெளுப்போர், சாயமிடுவோர் ஆகியோரைக் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டது. சின்னத்தறிப்பேட்டை என்பதே அவ்வாறு மருவிற்று என்பர். இவையெல்லாம் துணி வணிகத்தின் பொருட்டுத் தோன்றிய ஊர்கள். இவற்றுள் யாம் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது திருவொற்றியூரை அடுத்த காலாடிப்பேட்டையாகும்.

2. காலாடிப்பேட்டை

சோசப்பு காலெட் என்பார் 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்தார். அவர் காலத்தில் நெசவாளர்க்கென அமைக்கப்பட்ட ஊர் அவர் பெயராலேயே காலெட்பேட்டை எனப்பட்டது. அப்பெயர் மக்கள் வழக்கில் காலாடிப்பேட்டை எனத் திரிந்தது. வேலையின்றித் திரிபவனைக் குறிக்கும் ‘காலாடி’ என்னும் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை. ஓயாது தறியில் உழைத்தவர் வாழ்ந்த ஊருக்கு அச்சொல் ஒலியளவில் வந்து அமைந்தது வியப்பே.

இவ்வூரிலுள்ள கலியாண வரதராசப் பெருமாள் கோயிலைப் பற்றிச் செவிவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. காலெட்டின்கீழ்ப் பணிபுரிந்த வீரராகவர் என்பார் காஞ்சி வரதரிடம் பேரன்பு பூண்டவர். வழிபாட்டின் பொருட்டு அடிக்கடி காஞ்சிக்குச் சென்றமையால் பணிக்குக் காலந்தாழ்த்து வந்தார். அவர்தம் பத்தியை ஆளுநர் சோதித்தறிந்து வியந்து இங்கேயே கோயில் எழுப்ப உதவினார் என்பது அச்செய்தி. இதனை வரலாறாகக் கொள்ளாவிடினும் இதனுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. தொழிலாளர் ஓரிடத்தில் நிலைத்து வாழ வேண்டுமாயின் அவர்க்குத் தறி மட்டும் போதாது. தெய்வமும் தெருவும் கடையும் வேண்டும். கும்பினியார் இதனை நன்கு அறிந்திருந்தனர்.

இனி, இத்தகைய பேட்டைகளில் தொழில் நடந்த முறையைக் காண்போம். கும்பினிக்கும் நெசவாளர்க்கும் இடையே வணிகர் இருந்தனர். கும்பினி வணிகர்க்கும், வணிகர் நெசவாளர்க்கும் முன்பணம் தந்தனர். முன்பணம் பெற்ற நெசவாளன் குறித்த நீள அகலத்தில், குறித்த நாளில், குறித்த அளவு துணியைத் தர வேண்டும். எவ்வகைத் துணி, எவ்வகை வண்ணம் என்பதைக் கடல் கடந்து வந்த மாதிரித் துண்டுகள் வரையறுத்தன. நெய்து கொணர்ந்த துணியைக் கோட்டையில் தரம் பிரித்தனர். தரத்தில் குறைந்தது எனத் தள்ளப்பட்டதன் இழப்பு வணிகன் வழியாக நெசவாளன் தலையிலே விழுந்தது. முன்பணக் கடன் தீருமுன் அடுத்த முன்பணம் பெற வேண்டிய நிலை வந்தது. குடியிருந்த ஊர் பிறர் அமைத்தது, முதல் பிறருடையது, சந்தை பிறர் கையில், வடிவமும் பிறர் வகுத்தது. கைத்திறன் ஒன்றே நெசவாளனுடையது.

இவ்வமைப்பின் வலுவின்மை விரைவில் வெளிப்பட்டது. இந்தியாவினின்று வந்த வண்ணத் துணிகள் தம் நாட்டு நெசவைக் கெடுக்கின்றன எனக் கருதிய இங்கிலாந்து, 1700-இல் அச்சிட்டனவும் தீட்டியனவுமான துணிகளை உள்நாட்டுப் பயனுக்காக இறக்குவதைச் சட்டத்தால் தடுத்தது. 1721-இல் அத்தகைய பருத்தித் துணியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையுமே பெரும்பாலும் தடுத்தது. பிரான்சு நாடு 1686-இலேயே இவ்வாறு தடை விதித்திருந்தது. திருவொற்றியூரருகே ஒரு பேட்டை தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, அதன் கைவினைக்குரிய சந்தை ஒன்று பல்லாயிரம் கல் தொலைவில் எழுதப்பட்ட ஒரு சட்டத்தால் சுருங்கிற்று. ஆசியச் சந்தைகளும் மறு ஏற்றுமதியும் சில காலம் தொழிலைத் தாங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத் துணி வந்தபின் அத்தாங்கலும் தளர்ந்தது. தொழிலாளர் திறனில் குறைவு ஏற்பட்டு இவ்வீழ்ச்சி நேரவில்லை என்பது கருதத்தக்கது.

3. கலைப்பள்ளி

கைவினை நலிந்த நிலையிலேதான் சென்னையில் கலைப்பள்ளி தோன்றிற்று. அலெக்சாந்தர் அண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் தம் சொந்த முயற்சியால் அதனைத் தொடங்கினார். 1852-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ஓவியம் பயிற்றுதலோடு, மட்கலம், உலோகவேலை, மரவேலை முதலிய தொழில்களை வளர்த்தலும் அப்பள்ளியின் நோக்கமாயிருந்தது. கலையும் தொழிலும் ஒரே கூரையின்கீழ் இருந்தமை பிற்கால நிகழ்ச்சிக்கு வித்தாயிற்று.

இப்பள்ளியிலிருந்து ஒரு தொழில் முன்னரே பிறந்ததுண்டு. 1898-இல் ஆல்பிரடு சாட்டர்டன் இங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். அது நல்ல வருவாய் தந்தது. 1903-இல் தனியார் நிறுமம் ஒன்றுக்கு மாற்றப்பட்டது. பள்ளியின் பட்டறை ஒரு தொழிலை ஈன்று வளர்க்கும் என்பதற்கு இது சான்று. ஆயின் வளர்ந்த தொழில் நிறுமத்தாரைச் சார்ந்தது; பட்டறையில் சுத்தியல் பிடித்தவர் அதன் உடைமையாளர் ஆகவில்லை. காலாடிப்பேட்டையில் கண்ட குறை இங்கும் வேறு வடிவில் தொடர்ந்தது என்க.

1929-இல் தேவிபிரசாத் ராய் சௌதுரி இப்பள்ளியின் தலைமையை ஏற்றார். இப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. சென்னைக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் படைப்பு. அவர் காலத்தில் பள்ளி, தொழிற்பயிற்சிக் கூடம் என்னும் நிலையினின்று நுண்கலைக் கூடம் என்னும் நிலைக்கு உயர்ந்தது. அவ்வுயர்வோடு புதியதொரு துன்பமும் பிறந்தது. தச்சு பயின்றவனுக்கு வேலை கிடைக்கும்; ஓவியம் பயின்று வெளியேறும் இளைஞனுக்கு வேலை தருவார் யார்? அரசரும் சமீன்தாரரும் மறைந்தனர். ஓவியங்களை விலைகொடுத்து வாங்கும் வழக்கம் சென்னைச் செல்வரிடை வேரூன்றவில்லை. பம்பாயில் இருந்தவை போன்ற கலைக்காட்சிக் கூடங்களும் இங்கு அரிய. பள்ளியில் ஆசிரியராதல், விளம்பரப் படம் வரைதல், திரைப்படத்திற்குக் காட்சித் திரை தீட்டுதல், நெசவாளர் பணி மையத்தில் துணிக்கு வடிவம் வரைதல் என்பனவே எதிரே இருந்த வழிகள். இவற்றுள் ஒன்றை ஏற்ற பலர் தம் ஓவியத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கினர். சிலர் அடியோடு விட்டனர்.

4. கூட்டமும் இதழும்

இந்நிலையில் தோன்றியவர் கே. சி. எசு. பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், தந்தித் துறையிலும் ஆயுள் காப்பீட்டுத் துறையிலும் பணியாற்றியபின் 1936-இல், இருபத்தைந்தாம் அகவையில், கலைப்பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். பிழைப்புக்கென ஒரு தொழிலும் உள்ளத்துக்கென ஒரு கலையும் என இரட்டை வாழ்வு நடத்துவதன் அருமையை அவர் தம் இளமையிலேயே அறிந்தவர். பின்னர் அவர் மாணவர்க்குக் காட்டிய வழியை விளங்கிக்கொள்ள இச்செய்தி துணைபுரியும்.

1944-இல் அவர் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். அது தோன்றியபோது வணிக நோக்கம் எதுவும் அதற்கு இல்லை. ஒருவர் வரைந்ததை மற்றவர் காணுதல், குறைகூறுதல், சேர்ந்து காட்சி வைத்தல் ஆகியவையே அதன் பணிகள். 1957-இல் பணிக்கர் கலைப்பள்ளியின் முதல்வரானார். 1961-இல் ‘ஆர்ட்ரெண்ட்சு’ என்னும் காலாண்டிதழ் அச்சங்கத்தின் சார்பில் வெளிவந்தது. தென்னாட்டு ஓவியரைப் பற்றி வடநாட்டு இதழ்கள் அருகியே எழுதிய காலத்தில் அவ்விதழ் அவர்க்கு ஒரு மேடையாயிற்று.

இவ்விருபது ஆண்டுக்கால ஒன்றுகூடலை இங்கு வற்புறுத்துதல் வேண்டும். சோழமண்டலத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் 1966-இல் இருந்தே கதையைத் தொடங்குவர். நிலம் வாங்கும் முன்னே நம்பிக்கை வளர்ந்திருந்தது. ஒருவர் கைவண்ணத்தை ஒருவர் அறிந்திருந்தனர். யார் உழைப்பார், யார் சோம்புவார் என்பதும் தெரிந்திருந்தது. பொதுப் பணத்தைச் சேர்த்து வைக்கும் துணிவு அந்த அறிவினின்றே பிறந்தது. கூட்டுறவு அமைப்புகள் பல தோன்றி மறைந்தமைக்குக் காரணம், உறுப்பினர் ஒருவரை ஒருவர் அறியாமலே கணக்குப் புத்தகத்தில் ஒன்றுசேர்ந்தமையே.

5. மெழுகும் துணியும்

1960-களின் தொடக்கத்தில் பணிக்கரும் அவர் மாணவரும் பிழைப்பைப் பற்றி ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட முடிவு எளியது: ஓவியம் விற்றுத்தான் உண்ண வேண்டும் என்னும் கட்டாயம் இருக்குமாயின் வாங்குவோன் விரும்பும் ஓவியத்தையே வரைய நேரும், ஆதலின் பகலில் சில நேரம் கைவினை செய்து அதனை விற்று உண்போம், எஞ்சிய நேரத்தில் எவர்க்கும் அஞ்சாது ஓவியம் வரைவோம். இதன்பொருட்டுக் கலைஞர் கைவினைச் சங்கம் அமைக்கப்பட்டது. அவர்கள் கைக்கொண்ட கைவினைகளுள் முதன்மையானது ‘பாட்டிக்’ எனப்படும் மெழுகுத்தடைச் சாயவேலை.

அதன் முறை வருமாறு: வெண்பருத்தித் துணியில் வடிவத்தை வரைந்து, சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருகிய மெழுகைத் தூரிகையால் பூசுவர். பின்னர்த் துணியைச் சூடில்லாத சாயநீரில் தோய்ப்பர். மெழுகு பூசிய இடம் வெண்மையாகவே நிற்கும். உலர்ந்தபின் மேலும் சில பகுதிகளை மெழுகால் மூடி அடுத்த வண்ணத்தில் தோய்ப்பர். இறுதியில் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவர். துணியைக் கசக்கும்போது மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நுழைந்து நரம்பு போன்ற மெல்லிய கோடுகளை உண்டாக்கும். ஒரு துணியின் கோடு மற்றொரு துணியில் வாராது. ஓவியப் பயிற்சியுடையார்க்கு இது எளிதில் கைவந்தது. முதலீடும் சிறிது; வேண்டிய கருவிகள் அடுப்பும் தொட்டியும் தூரிகையுமே.

இதில் வரலாற்று நுட்பம் ஒன்று உண்டு. மெழுகால் சாயத்தைத் தடுக்கும் முறை சோழமண்டலக் கடற்கரையின் பழந்தொழிலே. பண்டைத் துணி ஓவியர் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்துப் பதப்படுத்துவர். படிகார நீரால் கோடு வரைந்து, கடற்கரை மணலில் வளரும் சாயவேரின் சாற்றில் காய்ச்சிச் சிவப்பு ஏற்றுவர். நீலம் வேண்டிய இடத்தை விட்டு ஏனைய பரப்பு முழுவதையும் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் தோய்ப்பர். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டிய ஒல்லாந்தர், இக்கரையின் வண்ணத் துணிகளைச் சாவகம் முதலிய தீவுகளுக்குக் கொண்டுபோய் அவற்றிற்கு மாற்றாக நறுமணப் பொருள்களைப் பெற்றனர். சாவகத்துப் பாட்டிக் துணியின் பூவேலைகள் சில இத்துணிகளின் சாயலைப் பெற்றவை என ஆராய்ச்சியாளர் கூறுவர். இரவீந்திரநாத தாகூர் 1927-இல் சாவகம் சென்று மீண்டபின் சாந்திநிகேதனத்தில் பாட்டிக் பயிற்சி தழைத்தது. அங்கிருந்து இந்தியாவெங்கும் அது பரவிற்று. பழவேற்காட்டுக் கரையை விட்டுச் சென்ற மெழுகின் மரபு, மூன்று நூற்றாண்டு கழித்து, அயற்பெயர் பூண்டு அதே கரைக்கு மீண்டது எனலாம்.

மீண்டு வந்தபோது அதன் நிலை மாறியிருந்தது. பழைய துணி ஓவியனுக்கு வடிவத்தைக் கடல் கடந்த மாதிரித் துண்டு வகுத்தது. இவ்விளைஞரோ தம் வடிவத்தைத் தாமே வகுத்தனர். முன்பணம் தந்து கட்டுவார் எவருமில்லை. விற்ற பணம் சங்கத்திற்கும் செய்தவர்க்குமே சேர்ந்தது. கைவினை ஒன்றே, அதனைத் தாங்கிய உறவு வேறு.

6. நிலம்

பாட்டிக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் விற்றுவந்த பணத்தைக் கொண்டு இஞ்சம்பாக்கத்தில் எட்டு முதல் பத்து ஏக்கர் அளவினதான நிலம் வாங்கப்பட்டது. அந்நாளில் அது சவுக்கும் மணலும் நிறைந்த ஒதுக்கிடம். கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது இல்லை. நகர மக்கள் விரும்பாத மணல்வெளி ஆதலின் விலை மலிவாயிருந்தது. 1966-இல் ஊர் தோன்றியது. முப்பது, நாற்பது கலைஞர் இம்முயற்சியில் ஈடுபட்டனர். குடிசைகளும் சிறு வீடுகளும் எழுந்தன. சோழமண்டலம் என்னும் பெயரையே பிறநாட்டார் ‘கோரமண்டல்’ எனத் திரித்து வழங்கினர். அத்திரிபை நீக்கி மூலப்பெயரை ஊருக்கு இட்டமை அவ்விளைஞரின் வரலாற்றுணர்வைக் காட்டும்.

அரசின் கொடையையோ செல்வர் ஒருவரின் அறக்கட்டளையையோ எதிர்நோக்கி இவ்வூர் தோன்றவில்லை என்பதே இதன் தனிச்சிறப்பு. புரவலன் தந்த இடத்தில் வாழும் கலைஞன் புரவலன் மனம் மாறும்போது இடம்பெயர வேண்டும். இங்கோ, நிலமே கலைஞருடையது. ஒரு மாதம் துணி விற்காவிடினும் வாடகைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. காலாடிப்பேட்டையார்க்கும் இவர்க்கும் உள்ள வேறுபாடுகளுள் இதுவே அடிப்படையானது என யாம் கருதுகிறோம்.

7. வளர்ச்சியும் தளர்ச்சியும்

இவ்வூரில் வாழ்ந்தும் தொடர்பு கொண்டும் படைத்தவருள் பி. வி. சானகிராம், சே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, எசு. நந்தகோபால், எசு. சி. வாசுதேவ், வேலு விசுவநாதன், பி. கோபிநாத், கே. இராமானுசம், செயபால பணிக்கர், அர்னவாசு முதலியோர் குறிப்பிடத்தக்கவர். கைவினையும் கலையும் ஓரிடத்தில் நிகழ்ந்தமையால் ஒன்று மற்றொன்றை வளர்த்தது. சானகிராமின் செப்புத்தகட்டுச் சிற்பங்களில் கோயில் திருமேனிகளுக்குச் சார்த்தும் கவசங்களின் மரபைக் காணலாம். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களும் பற்றாசு வைத்து இணைக்கும் பட்டறைத் திறனை அடிப்படையாகக் கொண்டவை. வயிற்றுக்கெனக் கற்ற தொழில் கலைக்கு மொழியாயிற்று. பணிக்கர் தாமும் 1963 முதல் ‘சொற்களும் குறிகளும்’ என்னும் வரிசையில் எழுத்தையும் சாதகக் கட்டங்களையும் ஓவியமாக்கினார். 1967-இல் முதல்வர் பதவியினின்று ஓய்வு பெற்றபின் இவ்வூரிலேயே வாழ்ந்து 1977-இல் மறைந்தார்.

இவ்வூரின் வரலாற்றை முழுவெற்றியாக மட்டும் காட்டுதல் நேர்மையாகாது. பாட்டிக் துணிக்கு இருந்த மதிப்பு நாளடைவில் குறைந்தது. பலரும் அதனைச் செய்யத் தொடங்கியமையும், மலிவான அச்சுத் துணிகள் அதன் தோற்றத்தைப் போலி செய்தமையும் காரணமாகலாம். கைவினையால் உண்டு கலையால் உயர்தல் என்னும் முதற்கொள்கை இதனால் உருமாறிற்று. ஓவியங்களும் சிற்பங்களுமே விலைபோகத் தொடங்கியபின் பலர் கைவினையைக் கைவிட்டனர். அக்கித்தம் நாராயணன், விசுவநாதன் ஆகியோர் 1960-களின் பிற்பகுதியிலேயே பாரிசுக்குச் சென்றனர். வாசுதேவ் பிற்காலத்தில் பெங்களூரில் குடியேறினார். தனக்கெனக் கனவுலகு ஒன்றைக் கோடுகளால் கட்டிய இராமானுசம் 1973-இல் இளமையிலேயே மறைந்தார். கூட்டு வாழ்க்கை உணவையும் கூரையையும் தரும். உள்ளத்தின் தனிமையைத் தீர்த்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. அர்னவாசு, அனிலா சேக்கபு போன்ற மகளிர் இருந்தனராயினும் அவர் தொகை மிகச் சிறிதே என்பதும் மறைத்தற்குரியதன்று.

இவ்வளவு இருந்தும் ஊர் அழியவில்லை. கூட்டுக் காட்சிக்கூடமும் அதன்வழி விற்பனையும் தொடர்ந்தன. சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளைத் தொகுத்து வைக்கும் காட்சியகம் ஒன்று 2009-இல் இங்குத் திறக்கப்பட்டது. ஒரு கைவினை வீழ்ந்தபோது மற்றொன்றைப் பற்றிக்கொள்ள இவர்க்குக் காலம் கிடைத்தது. அக்காலத்தைத் தந்தது காலடியில் இருந்த நிலமே. 1721-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் காலாடிப்பேட்டையார்க்கு அத்தகைய காலம் வாய்க்கவில்லை.

8. வடகரையின் நிலை

தென்கரையில் இயன்ற இம்முயற்சி வடகரையில் ஏன் இயலவில்லை என்னும் வினா ஈண்டு எழும். இராயபுரத்தில் 1856-இலேயே புகைவண்டி நிலையம் தோன்றிற்று. 1870-களில் செயற்கைத் துறைமுகத்தின் பணி தொடங்கியது. துறைமுகச் சுவர் கடலுள் நீண்டபோது, தெற்கினின்று வடக்கே கடலோட்டம் கொண்டுசெல்லும் மணல் தடைப்பட்டது. தடைப்பட்ட மணல் தென்புறம் சேர்ந்து மெரினாவை அகலமாக்கிற்று. மணல் வரவு நின்ற வடகரையைக் கடல் அரித்தது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள மீனவர் தெருக்கள் பல அலைக்கு இரையாயின. உழைப்பாளர் சிலை நிற்கும் தென்மணலும், உழைப்பாளர் வீடிழந்த வடகரையும் ஒரே சுவரின் இரு விளைவுகள் என்பதை எண்ணுதல் தகும். எஞ்சிய நிலத்தைத் தொழிற்சாலைகள் பற்றின. எண்ணூரில் 1948-இல் ஊர்தித் தொழிலும், திருவொற்றியூரில் 1955-இல் என்பீல்டு தொழிலகமும் வந்தன. பின்னர் அனல்மின் நிலையங்களும், 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. மலிவான மணல்வெளி ஒன்றைக் கலைஞர் கூடி வாங்கும் வாய்ப்பு இக்கரையில் இல்லாதொழிந்தது.

ஆயினும் இங்குக் கலை இல்லை என்பது பிழை. இறந்தார் வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் கானா இம்மக்களுடையது. அது நிலமில்லாதவர் கலை. குரலும் தாளக் கருவியும் இருந்தால் எங்கும் நிகழும். ஆயின் அதன் பயன் நெடுங்காலம் பாடியவர்க்குச் சேரவில்லை. ஓர் இரவின் கூலி பெற்றதோடு அவர் உரிமை முடிந்தது. ஒலிநாடாவும் திரைப்படமும் அதன் மெட்டுக்களை எடுத்துக்கொண்டன. 2017-இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று, கானா பாடகரையும் பிற இசைஞரையும் கூட்டி அமைத்த ‘காசுட்லெசு கலெக்டிவ்’ குழு, 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிற்று. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற’ என்னும் கருத்தினின்று பெயர்பெற்ற இக்குழுவில் கானா பாடுவோர் தம் பெயரோடும் தம் சொல்லோடும் மேடையில் நின்றனர். கைத்திறன் உடையவன் உடைமையாளனும் ஆதல் வேண்டும் என்னும் வேட்கையே இதனுள்ளும் இயங்குகிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: கலைஞர் குழு தன்னுரிமை வணிகமாதற்கு மூன்று வேண்டும். முதலாவது, பணத்திற்கு முன்னரே வளர்ந்த பழக்கமும் நம்பிக்கையும். சோழமண்டலத்தார்க்கு 1944 முதல் நிலவிய சங்கம் அதனைத் தந்தது. இரண்டாவது, கலையை விலைக்குப் பணியாது காக்கும் ஒரு துணைத்தொழில். அது என்றும் ஒன்றாகவே இருக்க வேண்டுவதில்லை. பாட்டிக் வீழ்ந்தபின்னும் ஊர் நின்றமை இதற்குச் சான்று. மூன்றாவது, தொழில் நிகழும் இடத்தின்மீதும் அதன் விற்பனைமீதும் செய்வோர்க்கே உரிமை. இம்மூன்றனுள் முதலிரண்டும் காலாடிப்பேட்டையில் ஓரளவு இருந்தன. நெய்வோர் ஒரே தெருவில் வாழ்ந்தனர், திறனும் பெற்றிருந்தனர். மூன்றாவது இல்லாமையால் அவ்வூர் ஒரு தொழிற்குடியிருப்பாக வாழ்ந்து, சந்தை மாறியதும் தளர்ந்தது.

நிலத்தின் இடத்தை இக்காலத்தில் ஒலிப்பதிவின் உரிமையும் மேடையின் உரிமையும் பெறக்கூடும். வடகரைப் பாடகர்க்கு இன்று வேண்டுவது அவ்வுரிமையே. கலையைப் போற்றுதும் என்பார், அதனைச் செய்வோர் எதன்மீது நிற்கின்றனர் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். அக்கேள்வியை எழுப்பும் ஆராய்ச்சி தமிழில் பெருகுக.